குட்டி கொடுக்கிற வீடு

மார்ச் 3

தாரணி இன்றைக்கு வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். புல்டாக் குட்டி வேண்டுமாம்.

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அம்மா, எனக்கொரு நாய்க்குட்டி வேணும். புல்டாக்" என்றாள். பெங்களூரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. "போதும்", "தலைவலி", "ஆளுங்க போயிட்டாங்களா", இந்த மூன்றைத் தவிர அவள் என்னிடம் வேறெதுவும் பேசியதில்லை. இட்லித் துணி கையில் அப்படியே நிற்க, "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் புல்டாக் என்றால் எந்த நாய் என்று அவள் அப்பாவிடம் கேட்டேன். அவர் போனில் படம் காட்டினார். மூஞ்சியெல்லாம் மடிப்பு, இரண்டு பக்கமும் தொங்கும் வாய், யாரோ கடன் கேட்டது போல ஒரு பார்வை. அச்சு அசல் அவருடைய பெரியப்பா. சொன்னேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கேட்டது என்னவாக இருந்தால் என்ன. என்னிடம் கேட்டிருக்கிறாள். இதையாவது நான் சரியாகப் பார்த்துக் கொடுத்தாக வேண்டும். இதிலும் தப்பினால் அப்புறம் இந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்காது.

மார்ச் 5

இருபத்திரண்டு வருடமாக இந்த ஈரோட்டில் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறேன். முன்னறைதான் ஆபீஸ். நானூறு கல்யாணத்துக்கு மேல் முடித்து வைத்திருக்கிறேன். என்னிடம் போட்டோ காட்டி ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும்.

பிறந்து வந்திருக்கிறான். இண்டர்நெட்டில் விளம்பரம் போட்ட ஒருவன் தாரணிக்கு ஒரு குட்டியின் படத்தை அனுப்பினான். வெள்ளையில் பழுப்புத் திட்டு, பின்னால் நீலத் திரைச்சீலை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். அதே குட்டி, அதே நீலத் திரைச்சீலை, வேறு இரண்டு பேர் விளம்பரத்திலும் உட்கார்ந்திருந்தது. கல்லூரிக் காலத்துப் போட்டோவை அனுப்பும் மாப்பிள்ளைகளைப் பார்த்த கண் இது.

போன் போட்டேன். "குட்டிய நேர்ல பாக்கோணுமுங்க, தாயையும் பாக்கோணும்" என்றேன். "அதெதுக்குங்க்கா, பஸ்ல ஏத்தி விட்டுடறேன், காலைல ஸ்டாண்டுல வந்து எடுத்துக்கங்க" என்றான். "ஏனப்பா, அது என்ன முருங்கைக்காய்க் கட்டா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

தாரணி லேசாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். இருமலாகவும் இருக்கலாம்.

மார்ச் 6

உளுந்து ஊறப்போட்டதை மறந்துவிட்டேன். வாடை வந்துவிட்டது. மின்விசிறி டொக்கு டொக்கு என்கிறது. இவர் மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மார்ச் 9

சேலம் போகிற வழியில் ஒரு நாய்ப் பண்ணை. நானும் இவரும் மட்டும் போனோம். முதல் தடவை போகும்போது சம்பந்தப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, மனசு ஒட்டிவிடும். தொழிலில் அது பாலபாடம்.

வரவேற்பறை பளபளவென்று இருந்தது. சுவரெல்லாம் கோப்பை, சான்றிதழ். ஒரு கூடையில் மூன்று குட்டிகளை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து வைத்தான் பண்ணைக்காரன். காகிதம் எல்லாம் கையோடு தருகிறானாம், இன்றைக்கே எடுத்துப் போகலாமாம். எத்தனை நாள் குட்டி என்றால் முப்பத்தைந்து நாள் என்கிறான்.

"தாய் எங்கீங்க?"

"தாய் வெளியூர் போயிருக்குதுங்க்கா."

"பெத்து முப்பத்தஞ்சு நாள் ஆன தாய் பிள்ளைகள உட்டுட்டு எந்த ஊருக்குங்க போகும்?"

சிரித்து மழுப்பினான். அவ்வளவுதான், நான் என் அஸ்திரத்தை எடுத்தேன். "கை கழுவோணுமுங்க" என்றேன். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கை கழுவக் கேட்பேன். கை கழுவும் இடத்துக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். அடுப்படியைப் பார்த்தால் அந்த வீட்டு மருமகள் எப்படி இருப்பாள் என்று தெரிந்துவிடும். இவர் தன் பங்குக்கு மீட்டர் பெட்டியைத் திறந்து "எர்த் சரியில்லையே" என்று ஆரம்பித்து அவனை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்.

பின்னால் கூண்டுகள். ஒன்றின் மேல் ஒன்று, மூன்று அடுக்கு. கீழ் அடுக்கில் ஒரு தாய். மடி தரையில் உரசுகிறது. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை, மூச்சு கொறட்டையாக வருகிறது. கழுவ வந்த அம்மாளைக் கேட்டேன். ஒன்றரை வருடத்தில் இது மூன்றாவது ஈற்று என்றாள்.

வண்டியில் வரும்போது இவர் சொன்னார்: "தாரணிக்கு மாப்பிள்ளை பாத்தப்பவும் இப்படிக் கை கழுவப் போயிருக்கலாம் புள்ள."

போனேன். கழுவினேன். மார்பிள் போட்ட அடுப்படி, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் முறையாகத்தான் விசாரித்தேன். இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு நாமக்கல் பார்ட்டி வருகிறது, ஜாதகத்தை எடுத்து வைக்க வேண்டும்.

மார்ச் 12

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இருக்கிறார், மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே பேசினார். புல்டாக்குக்கு மூக்கு சப்பை, மூச்சுதான் முதல் தொல்லை. மூக்குத் துவாரம் திறந்து இருக்கிறதா பார்க்க வேண்டும். மடிப்புகளுக்குள் புண் இருக்கக் கூடாது. முக்கால்வாசி ஆபரேஷன் செய்துதான் குட்டி எடுப்பார்கள், அதனால் தாயை வருடத்துக்கு வருடம் ஈன வைப்பவனிடம் வாங்கவே கூடாது. எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

"நல்ல ஆள எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்றேன்.

"நீங்க அவங்களக் கேள்வி கேட்டா பத்தாதும்மா. அவங்க உங்களக் கேக்கணும். கேக்காம குடுக்கறவங்ககிட்ட வாங்காதீங்க."

கோத்தகிரியில் எஸ்தர் என்று ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சர் இருக்கிறாராம். இரண்டு வருடத்துக்கு ஒரு ஈற்றுதான் எடுப்பாராம். நம்பர் கொடுத்தார். "லேசுல குடுக்க மாட்டாங்க" என்றும் சொன்னார். என்னிடம் ஜம்பம் பண்ணிய பெண் வீட்டார்கள் எத்தனை பேர், பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 13

முக்கால் மணி நேரம் போனில் நிற்க வைத்துக் கேள்வி. வீடு சொந்தமா, மாடிப்படி எத்தனை, பகலில் வீட்டில் யார், மத்தியானம் வெயில் எந்தப் பக்கம் விழும், இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது. பரீட்சை எழுதி எழுந்தது போல ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 16

கோத்தகிரி. தாரணியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று தாம்பாளத்தில் தேங்காய், பழம், ஜாதிமல்லி வைத்து எடுத்துப் போனேன். ராகுகாலம் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று டிரைவரை விரட்டினேன். "நாயிக்கு நிச்சயதார்த்தமாம்மா?" என்றாள் தாரணி. கேலி செய்கிறாள் என்றால் தெம்பாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

எஸ்தர் டீச்சர் தாம்பாளத்தைப் பார்த்து ஒரு நொடி திகைத்தார், பிறகு மல்லிகையை எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டார். தாயின் பெயர் டெய்சி. அது நேராக வந்து என் சேலையை முகர்ந்து, தும்மி, என் கால்மேலேயே உட்கார்ந்துவிட்டது. இருபத்தைந்து கிலோ. நகர முடியவில்லை. மூச்சு சீராக இருந்தது, அதை மட்டும் காது கொடுத்துக் கேட்டேன்.

ஒருவழியாகக் காலை உருவிக்கொண்டு, "டீச்சர், கை கழுவோணும்" என்றேன்.

"வீடு பூராவும் பாருங்க சுலோச்சனாம்மா. அதுக்குக் கை அழுக்காகணும்னு இல்ல" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். ஆனால் எல்லாவற்றையும் பார்த்தேன். குட்டிகள் அவர் படுக்கும் அறையிலேயே, கம்பளிமேல். நான்கு குட்டிகள். டெய்சிக்கு ஆபரேஷன் செய்த டாக்டரின் சீட்டு, தகப்பன் நாயின் சோதனை ரிப்போர்ட், ஊசி அட்டை எல்லாம் ஒரு பைலில். "டெய்சிக்கு இதுதான் கடைசி ஈற்று" என்றார். இப்படி ஒரு பெண் வீடு அமைந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவேன்.

தாரணி தரையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு குட்டி தத்தித் தத்தி ஏறித் தூங்கிவிட்டது. அவள் முகம் இப்படி இருந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

டீச்சர் நோட்டை எடுத்தார். "வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் இவரும்தானுங்க. மகளுக்குக் கல்யாணமாகி பெங்களூர்ல இருக்கறா. கம்பெனில வீட்டுலருந்தே வேல பாக்கச் சொல்லியிருக்காங்க, அதான் கொஞ்ச நாளைக்கு வந்திருக்கறா. மாப்பிள்ளையும் வந்து வந்து போவாரு."

எட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்வதுதான், தானாக வந்துவிட்டது. கல்யாணம் முடித்து வைக்கிறவளின் மகளே திரும்பி வந்துவிட்டாள் என்று தெரிந்தால் என் வாசலை யார் மிதிப்பார்கள்? அதற்காகத்தான் ஆபீசுக்கு ஆள் வந்தால் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. நான் ஒன்றும் சாத்தச் சொல்லவில்லை. முதல் தடவை மட்டும் சொன்னேன்.

தாரணி குட்டியை மெதுவாகக் கம்பளியில் விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். திரும்பி வரும்போது வழி முழுக்கப் பேசவில்லை. மலைப்பாதையில் அவளுக்குத் தலை சுற்றியிருக்கும்.

மார்ச் 19

போன் வரவில்லை. நாமக்கல் பார்ட்டி ஜாதகம் பொருந்தவில்லை. மின்விசிறி இன்னும் டொக்கு டொக்கு.

மார்ச் 24

வந்தது. குட்டி இல்லையாம்.

"நான் கொஞ்சம் விசாரிச்சேன்" என்றார் டீச்சர்.

"எங்கீங்க விசாரிச்சீங்க?"

"என்கிட்டப் படிச்ச பொண்ணு ஒருத்தி ஈரோட்டுல இருக்கா. உங்க தெருமுனைல இஸ்திரி போடுறவர்கிட்டப் போய்க் கேட்டா."

இஸ்திரிக்காரர் என் ஆயுதம். மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போனால் நான் முதலில் நிற்கும் இடம் அதுதான். கிழிந்த சட்டை, கசங்காத சேலை, எந்த வீட்டில் யார் எப்போது இல்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் சொன்னாராம், 'அந்தப் பொண்ணு புருசன் வீட்டுலருந்து வந்து எட்டு மாசமாச்சுங்களே, இனிப் போகாதுங்க, பாவம்' என்று. அப்படியென்றால் தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் கம்பெனி, பெங்களூர் என்று கதை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"பொண்ணு திரும்பி வந்ததுல எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் டீச்சர். "பகல்ல அவ வீட்ல இருந்தா குட்டிக்கு நல்லதுதான். ஆனா பக்கத்துல உக்காந்திருக்கிறவளையே இங்க இல்லன்னு சொல்றீங்க. நாளைக்குக் குட்டிக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு உண்மையச் சொல்லுவா?"

போனை வைத்துவிட்டு ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். ஒரு நாய்க்குட்டிக்காக என் குடும்பத்தைத் தெருவில் நின்று விசாரிப்பதா, இந்த அம்மாளுக்கு என்ன திமிர், ஊரில் வேறு நாயே இல்லையா.

இவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "நீ இருவத்திரண்டு வருசமாப் பண்றதுதான புள்ள" என்றார். டப்பாவைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

மார்ச் 25

ஒன்பதாம் தேதி எழுதியதில் ஒன்று பாக்கி இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுத் தெருவிலும் இஸ்திரிக்காரர் இருந்தார். கேட்டேன். "முன்னால ஒரு நிச்சயம் ஆகி நின்னு போச்சுங்க. பையன் கை நீட்டுற ஆளுங்க" என்று சொன்னார். அந்த வீட்டில் துணி போடுவதை நிறுத்தியிருப்பார்கள், வயிற்றெரிச்சலில் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பெரிய இடம். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்றைக்குச் சமையல் எல்லாவற்றிலும் உப்பு தூக்கல்.

மார்ச் 27

தாரணியிடம் சொல்லத்தான் வேண்டும் என்று போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி இல்லீன்னுட்டாங்க கண்ணு. நான் பொய் சொன்னேன்னு."

"தெரியும். நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"வேற எடம் பாக்கலாமா?"

"வேண்டாம்மா. அந்தக் குட்டி இல்லீன்னா வேற வேண்டாம்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். நான் ஆபீசுக்கு வந்து, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நின்று அழுதேன்.

அப்புறம் கோத்தகிரிக்குப் போன் போட்டேன். "டீச்சர், என்ர மக புருசன உட்டுட்டு வந்துட்டா. அவன் அடிச்சான். அவ இங்கதான் இருப்பா. நான் பாத்து வெச்ச மாப்பிள்ளைதான்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தால், "ஈரோட்டு வெயில் தாங்காதே, ஏசி இருக்கா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 8

வீட்டில் ஏசி ஒன்றே ஒன்று. ஆபீசில். டீச்சர் தானே இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இத உள்ள மாத்துங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டு மொசைக் தரை வழுக்கும் என்று அதற்கு வேறு ஒரு குறை.

இவர் ஒரே நாளில் மாற்றிவிட்டார். ஒரு மாதமாகப் பார்க்கிற மின்விசிறி ஆபீசில் இன்னும் டொக்கு டொக்கு. சம்பந்திகள் எல்லாம் அதன் அடியில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுகிறார்கள். பேச்சும் சீக்கிரம் முடிகிறது, அது ஒரு வசதி.

ஏப்ரல் 23

எட்டு வாரம் முடிந்தது. கோத்தகிரி போனோம். தாம்பாளம் இல்லாமல்.

டீச்சர் ஒரு காகிதம் நீட்டினார். குட்டியை விற்கக் கூடாது, இணை சேர்ப்பதானால் கேட்காமல் செய்யக் கூடாது, வெயிலில் நடத்தக் கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். கடைசியில் இப்படி இருந்தது: 'எந்தக் காரணத்தால் ஒத்துவராவிட்டாலும், எத்தனை வயதானாலும், எந்த நேரத்திலும் என்னிடமே திருப்பிக் கொண்டுவந்து விடவும். ஏன் என்று கேட்கமாட்டேன்.'

அதற்குமேல் எனக்குப் படிக்க வரவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்தேன், ஓடவில்லை.

"என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"ஒரு நாய்க்குட்டிக்கு நீங்க இத எழுதித் தர்றீங்க. நான் பெத்த பிள்ளைக்கு இதச் சொல்லல டீச்சர். போன் பண்ணி அழுதா. 'கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, எல்லாம் சரியாயிரும்'னேன். மூணு தடவ."

"அஞ்சு தடவம்மா" என்றாள் தாரணி.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மூன்றுதான் ஞாபகம் இருந்தது. அவள் சொன்னால் ஐந்துதான். "அஞ்சு தடவ" என்று டீச்சரிடம் திருத்திச் சொன்னேன்.

தாரணி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "கையெழுத்துப் போடு. இவன் என் சேலைல ஒண்ணுக்குப் போயிட்டான்" என்றாள். போட்டேன். கோணல்மாணலாக விழுந்தது.

ஏப்ரல் 26

பெயர் ஜமீன். தாரணி வைத்தது. ஏசி அறையில் மல்லாந்து படுத்துக் கொறட்டை விடுகிறது, எழுந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் கொறட்டை. மூஞ்சி மடிப்பை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும், அந்த வேலையை இவர் பிடுங்கிக்கொண்டார். பெரியப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. இவருக்கு இப்போது கோபம் வருவதில்லை.

மே 4

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம்.

பத்து நாளாகப் பெண் வீட்டாரின் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தாரணிதான் டைப் அடித்துக் கொடுத்தாள். 'ஒத்துவராவிட்டால் எங்கள் பெண் எந்த நேரத்திலும் எங்கள் வீட்டுக்கு வரலாம். ஏன் என்று கேட்கமாட்டோம்.' பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை நான்கு பேரிடம் நீட்டினேன். இரண்டு பேர் அபசகுனம் என்று எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான். ஓர் அம்மாள் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்குக் குன்னத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். அரிசி மண்டிக்காரர், ஒரே பெண். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க உங்க பொண்ணுக்கு இப்படி எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "எழுதிக் குடுக்கல. அதனாலதான் உங்கள எழுதச் சொல்றேன்."

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மண்டிக்காரரும் போகப்போகிறார் என்று நான் பைலை மூடப் போனேன். அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேனா இருந்தாக் குடுங்க" என்றார்.

மேஜையில் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளறைக் கதவு திறந்தது. தாரணி பேனாவோடு வந்து, அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"இது ஆருங்க?" என்றார் அவர்.

"என்ர மகளுங்க. இங்கதான் இருக்கறா."